ஓவசியர்

மூன்று கிடந்தன, கொழும்பிலிருந்து வந்த லொட் சாமானில்.
செத்த போன்கள், வயர்ச் சிக்கல், அதற்கடியில்
பலகைமேல் நிற்கிற மூன்று பிளாஸ்டிக் ஆட்கள்.
கடைக்குப் பின்னால், உடுப்புத் தோய்க்கிற தொட்டியில்
ஒவ்வொன்றாய்க் குப்புறக் கவிழ்த்துவிட்டு
எண்ணினோம், நானும் எமில்டாவும்.

முதலாவது பதினைந்து மட்டும் எழும்பவேயில்லை.
வடிவான சாமான். வானவில் ஸ்டிக்கர்.
கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கலாம்.
இரண்டாவது எழும்பியது, ஆனால்
கழுத்துப் பொருத்தால் தண்ணி குடித்தது.
மூன்றாவது
நாலு என்று சொல்ல முதல் நிமிர்ந்து
விறைத்த ஒரு கையை மதில் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது,
றோட்டு வேலை பார்க்க வந்த ஓவசியர் மாதிரி.

இதுதான், என்றாள்.
இதுக்கு மூக்கும் இல்லையடி, என்றேன்.
மூக்காலயோ ஓடப்போகுது?

அதன் பழைய மோட்டர் ஒரு நுளம்பு.
குமுழமுனைக் கலியாணம் ஒன்றில்
பந்தல் காலோடு மோதி விழுந்த ட்ரோன்
ஆறு மாதமாய் என் றாக்கையில், ஆரும் கேட்டு வராமல்.
அதன் மோட்டர், பற்றரி,
வேகத்தைப் பங்குபோடுகிற சின்னத் தட்டு
எல்லாம் கழற்றினேன்.
மாப்பிள்ளை பொம்பிளையின் தலைக்கு மேல் சுற்றியது
இனி ஓவசியரின் காலுக்குக் கீழ்.

தண்டுக் குழாய்க்குக் கிறீஸ். மூடிக்குச் சிலிக்கன்.
செட்டைக்கு நீலப் பரல் ஒன்றின் விளிம்பு.
அடிக்கட்டைக்குள் ஈயக்குண்டு இரண்டு,
புருசனின் வலையில் இருந்து
எமில்டா கேளாமல் எடுத்து வந்தது.

ஞாயிறு, முல்லைத்தீவுக் கரை.
வாடை இன்னும் விடாத தை. வள்ளங்கள் எல்லாம் மேலே ஏறிக் கிடந்தன.
ரிமோட்டைக் கண்டதும் சென்றியிலிருந்த நேவிக்காரன்
இரண்டடி முன்னால் வந்தான்.
ஓவசியரைக் கண்டதும்
அந்த இரண்டடியையும் திருப்பி எடுத்துக்கொண்டான்.

ஓடியது பாருங்கள்.
அலையை விட முன்னுக்கு ஓடி
தட்டைத் தண்ணியில் கெந்திக் கெந்தி
மூக்கில்லாத முகத்தால் மண்ணைக் குத்தியது.
பிறகு அலை ஆறுதலாய் வந்து
மேலே விழுந்தது.
திரும்ப விட்டேன். திரும்பவும் அப்படித்தான்.
நிமிர்வதில் மட்டும் பிழை சொல்ல முடியாது.
ஒவ்வொரு கவிழ்ப்பிலும் எனக்குப் பின்னால் ஒரு குரல்
எக்காய், தெக்காய், துணாய்...
நேவிக்காரனும் எண்ணிக்கொண்டிருந்தான்.
அவனுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது?

பற்றரியை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளினேன்.
ஒரு ஈயக்குண்டைக் கழற்றினேன், திரும்பப் போட்டேன்.
செட்டையைக் கல்லில் தேய்த்தேன்.
கவிழ்ந்தது.
இன்னும் பெரிய பற்றரி ஒன்று எடுப்பம், என்றேன்.
எமில்டா ரிமோட்டைப் பறித்தாள்.
பன்னிரண்டு வயதில் தகப்பனின் வள்ளத்தை
கரையலைக்குள்ளால் கொண்டு வந்து ஏற்றினவள்.

வெளியே கொண்டுபோய் நிற்பாட்டினாள்.
இரண்டு அலையைச் சும்மா போகவிட்டாள்.
எனக்குக் கை துடித்தது.
மூன்றாவது முதுகு திரளும்போது
ஒரே ஒரு அமத்தல், ஒரு மூச்சளவு,
பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

என்னடி, மோட்டர் நிண்டுபோச்சு!
நிக்கட்டும். அலை பிடிச்சாப்பிறகு
எஞ்சினுக்கு என்ன வேலை?

சத்தமே இல்லாமல் வந்தார் ஓவசியர்,
பச்சைச் சரிவின் குறுக்கே, கையை நீட்டியபடி,
கடலை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுகிறவர் போல,
நுரை கலைந்து ஈரமண்ணில் உரசும் வரைக்கும்.
நேவிக்காரன் எண்ணுவதை மறந்துபோனான்.
நானும்தான்.

பிறகு அவனுக்கும் ஒருக்கால் கொடுத்தோம்.
அவனும் என்னைப்போல, விரலை எடுக்கமாட்டாத ஆள்.

திங்கள் கடை திறக்க
வாசலில் குமுழமுனைப் படக்காரன், கையில் துண்டுச் சீட்டு.
மேசைக்குக் கீழே
ஓவசியர் இன்னும் உப்புத் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தார்.
அக்கா, திருத்தியாச்சோ?
ஓம், என்றேன்.
ஓடுது.